வாசலில் வைத்த தொட்டி

வேலுத்தாய் மாரிசெல்விக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சிக்கு ஆள் கிடையாது. அப்படிப்பட்ட கடனை இல்லையென்று சாதிக்கிறவர்களும் உலகத்தில் உண்டு. வேலுத்தாய் அந்த ரகம் இல்லை. அவள் வாங்கினால் வாங்கினதுதான், தருகிறேன் என்றால் தருவதுதான்.

கடன் வந்த கதை சின்னது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே அறையில் வெடிக் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய்க்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். மாரிசெல்வி அவளுக்குப் பதினான்கு வயது இளையவள். மதினி, மதினி என்று பின்னாலேயே சுற்றுவாள். மருந்துத் தூள் நெஞ்சில் ஏறி இருமல் நிற்காமல் போனபோது, இந்த வேலை போதும் என்று வேலுத்தாய் முடிவு கட்டினாள். ஆனால் சீசனுக்கு வாங்கின அட்வான்ஸைக் கட்டினால்தான் கம்பெனி கணக்கை முடிக்கும். கையில் காசில்லை. மாரிசெல்வி அந்த வாரம்தான் சீட்டு எடுத்திருந்தாள். இந்தாங்க என்று சுருக்குப் பையோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வேலுத்தாய் ஆயிரம், ஐந்நூறு என்று கொண்டுபோய் நீட்டும்போதெல்லாம் மாரிசெல்வி வாங்க மறுத்தாள். சில்லறையாக வந்தால் சில்லறையாகவே போய்விடும், மொத்தமாகச் சேர்த்துத் தந்தால் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளிக்கிற அறை கட்டிக்கொள்வேன் என்பாள். சேர்க்கச் சேர்க்க வருஷம் ஐந்து ஓடிவிட்டது.

அந்த ஐந்து வருஷத்தில் வேலுத்தாய் எங்கே இருந்து எங்கே வந்தாள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சிவகாசியில் டாக்டர் காளிராஜின் தனியார் மருத்துவமனையில் தரை துடைக்கிற ஆளாகச் சேர்ந்தாள். படிப்பு மூன்றாம் வகுப்பு. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அவளோடு சேர்ந்தவர்கள் இன்னும் துடைப்பத்தோடுதான் இருக்கிறார்கள். அவள் ஒன்பது பேருக்குச் சூப்பர்வைசர், நீலக் கோட்டு, இடுப்பில் சாவிக்கொத்து. தீக்காயப் பிரிவு முழுக்க அவள் கையில். பன்னிரண்டு கட்டில். அந்தத் தரையில் இட்லியை விண்டு போட்டுச் சட்னி ஊற்றிச் சாப்பிடலாம் என்று அவளே ஊரெல்லாம் சொல்லுவாள். பொய்யும் இல்லை.

படித்தவர்களுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது எப்படி என்றால், பட்டாசு அறையில் கற்றதை அவள் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. மருந்து செலுத்துகிற அறையில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. நைலக்ஸ் சேலை கூடாது, செருப்பு கூடாது, கையில் வளையல், மோதிரம் கூடாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். உடம்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி நிற்கிற கரண்ட் அந்தத் தகட்டு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் போனால் ஒரு சின்னப் பொறி போதும், அறையே கூரையோடு போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற நெருப்புக்குப் பயப்படுகிறவன் பாதி ஆள், தெரியாததற்குப் பயப்படுகிறவன்தான் முழு ஆள் என்பது அவள் சட்டம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாவது வருஷம், கிருமி என்று ஒன்று உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது, கை வழியாகத்தான் ஒரு கட்டிலில் இருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகும் என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். மற்றவர்கள் டீக்கும் வடைக்கும் காத்திருந்தார்கள். வேலுத்தாய்க்குச் சட்டென்று செம்புத் தகடு நினைவுக்கு வந்தது. மறுநாளே வார்டு வாசலில் ஒரு இரும்பு ஸ்டாண்டை நிறுத்தி, அதில் அகலமான வெள்ளைத் தொட்டியை வைத்து, கிருமிநாசினி மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினாள். பால் மாதிரி வெளுத்து நின்றது. டாக்டரானாலும் சரி, டீ கொண்டுவருகிறவனானாலும் சரி, அதில் இரண்டு கையையும் முக்காமல் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. போனால் வேலுத்தாயின் வாயில் விழ வேண்டும்.

டாக்டர் காளிராஜுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சோப்பும் குழாயும் வார்டின் மறுகோடியில் இருந்தன. அங்கே வரை நடக்கிறவர்கள் குறைவு. வாசலிலேயே வேலை முடிகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வருஷம் மருத்துவமனை அச்சடித்த காலண்டர் அட்டையில் தொட்டிக்குப் பக்கத்தில் வேலுத்தாய் நிற்கிற படம் வந்தது. சிவகாசியில் ஆயிரம் காலண்டர் அடிக்கிறார்கள். தரை துடைக்க வந்தவள் படம் போட்டு அடித்தது அது ஒன்றுதான் என்று அவள் கணக்கு.

இந்தப் பெருமையெல்லாம் இருக்கும்போதுதான் மாரிசெல்வி கம்பெனி வேனில் வந்து இறங்கினாள்.

ஆடிக் காற்றுக்காக உள்ளே எடுத்துக் காயப் போட்டிருந்த திரித் தட்டு ஒன்று தீப்பிடித்திருக்கிறது. அறைக்குள் அவளைத் தவிர மூன்று பெண்கள். மாரிசெல்வி தட்டை வலது கையால் தூக்கி வெளியே வீசிவிட்டாள். மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. அவளுக்கு உள்ளங்கை வெந்துபோய்விட்டது; முழங்கை வரைக்கும் தோல் வழண்டு உரிந்திருந்தது. அலுமினியத் தூள் அப்பின முகத்தோடு ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, மதினியைக் கண்டதும், குளிக்கிற ரூமுக்குச் செங்கல் பார்த்து வைத்திருக்கிறேன் என்றாள். வலியில் பேச்சு எங்கெங்கோ போனது.

கம்பெனி வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டது. பத்தாம் நாள் டாக்டர் தொடையில் இருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து உள்ளங்கையில் ஒட்டினார். ஒட்டின தோல் பிடித்துக்கொண்டால் கை விரியும். பிடிக்காமல் புண்ணாகி ஆறினால் உள்ளங்கை சுருங்கி, விரல்கள் மடங்கி, கோழிக்கால் மாதிரி நின்றுவிடும் என்று விளக்கினார். அந்தக் கையால் அப்புறம் திரியும் முறுக்க முடியாது, தலையும் பின்ன முடியாது. வேலுத்தாய் அன்றிலிருந்து காலையில் முதல் வேலையாக மாரிசெல்வியின் கட்டிலைத்தான் துடைத்தாள். துடைத்துவிட்டு, கட்டுப் போட்ட கையைத் தலையணையில் சரியாகத் தூக்கி வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவாள்.

தோல் ஒட்டின ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். பஞ்சு பச்சையாக இருந்தது. திராட்சைப் பழம் புளித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு இனிப்பு வாடை. ஒட்டின தோல் ஈரக் காகிதம்போல நழுவிக்கொண்டு வந்தது. அதே வாரம் இன்னும் இரண்டு கட்டிலில் அதே பச்சை.

மாரிசெல்வியின் புருஷன் முனியராஜ் லாரியில் லோடு ஏற்றுகிறவன். அதிகம் பேசாதவன். அன்றைக்குச் சாயங்காலம் வார்டு வாசலில், தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினான். அந்தக் கடன் பணத்தைத் தந்தால் அவளை மதுரைக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றான்.

“எதுக்குலே மதுரை?” என்றாள் வேலுத்தாய்.

“இங்கன அழுகுதுல்ல அக்கா. ஒங்க தரையில இட்லி திங்கலாம்னு சொல்லுவீகளே. எம் பொண்டாட்டிக்கு இட்லி வேண்டாம், கை வேணும்.”

அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற ஒன்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய்க்கு முகம் சிவந்தது. சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கடன் வாங்கினது அவ கையில. அந்தக் கை விரியும். விரிச்ச கையில நான் எண்ணி வைப்பேன். ஒங் கையில ஒரு ரூவா வைக்க மாட்டேன்.”

முனியராஜ் டாக்டரிடம் போனான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த நிலைமையில் எங்கே போனாலும் புண்ணைச் சுத்தம் செய்து மறுபடி தோல் ஒட்டுவதுதான் வைத்தியம். ஆனால் கிருமி இங்கே எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் நான் அடுத்த தோலை ஒட்டமாட்டேன். பதினைந்து நாள் கொடுங்கள். அதற்குள் வார்டு சுத்தமாகவில்லை என்றால் நானே என் வண்டியில் மதுரைக்கு அனுப்பிவைக்கிறேன். முனியராஜ் விரலை மடக்கிப் பதினைந்தை எண்ணிக்கொண்டு போனான்.

தீக்காயப் பிரிவின் நர்ஸ் சுகிர்தா விருதுநகர்க்காரி. மிளகாய் வத்தல் கமிஷன் மண்டியில் மூட்டை தைக்கிறவரின் மகள். அவள் பஞ்சு சுற்றின குச்சிகளை எடுத்துக்கொண்டு வார்டு முழுக்க ஒரு இடம் பாக்கியில்லாமல் தடவினாள். கட்டில் கம்பி, குழாய்த் திருகு, துடைக்கிற மாப், டாக்டரின் ஸ்டெதஸ்கோப், ஆட்களின் கை, வாசல் தொட்டி. தொட்டித் தண்ணீரில் குச்சியை நனைத்தபோது வேலுத்தாய் சிரித்துவிட்டாள். மருந்துக்கே மருந்து பார்க்கிறீர்களா என்று கேட்டாள். வேலுத்தாயின் கையிலும் தடவவேண்டும் என்றதும் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்துச் சுகிர்தா அவளை மட்டும் லேபுக்குக் கூப்பிட்டாள். மேஜை மேல் மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள் வரிசையாக இருந்தன. கிருமிக்குச் சோறு மாதிரி அதில் ஒன்றை ஊற்றி உறைய வைத்திருப்பார்கள். குச்சியில் கிருமி இருந்தால் அதில் முளைத்துப் பெருகும். தரைத் தட்டு சுத்தம். கம்பித் தட்டு சுத்தம். வேலுத்தாய் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். தொட்டித் தட்டு முழுக்கப் பாசி படர்ந்த கண்மாய் மாதிரி பச்சை. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் பச்சை. அது யாருடையது என்று கேட்டாள்.

“ஒங்க கை, வேலுத்தாயம்மா.”

வேலுத்தாய் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கழுவின கை. மருந்துத் தண்ணியில் எப்படிக் கிருமி இருக்கும், மிளகாய்ப் பொடியைத் தின்று யாராவது உயிரோடு இருப்பார்களா என்று சண்டைக்கு நின்றாள்.

சுகிர்தா சத்தம் போடவில்லை. “எங்க அப்பா மண்டியில வத்தல் மூட்டையத் தட்டுனா வண்டு கொட்டும். மனுசன் கண்ணு எரியுது, வண்டுக்கு அதுதான் சோறு. அது மாதிரிதான் இதுவும்.”

அந்தக் கிருமிக்குச் சூடோமோனாஸ் என்று பெயர். ஈரம் இருந்தால் போதும், எங்கேயும் வாழும். தண்ணீர் சேர்த்து நீர்த்துப்போன மருந்து அதைக் கொல்லாது. நல்ல உடம்பில் அது ஒன்றும் செய்வதில்லை. தோல் இல்லாத உடம்பு கிடைத்தால் குடியேறிவிடும். நூறு பேர் முக்கின தண்ணீரில் நூற்றோராவது ஆள் கையை முக்கினால், அந்த நூறு பேர் கையில் இருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். சுகிர்தா சொல்லச் சொல்ல, வேலுத்தாய்க்குத் தொட்டியில் தான் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தது. காலையில் ஒரு தடவை கலப்பது. வேலை அதிகமான நாளில் பழசைக் கொட்டாமல் மேலேயே ஊற்றி நிரப்புவது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தேய்ப்பது. அடியில் விரலுக்கு வழவழப்பாகத் தட்டுப்படுமே, அது மருந்தின் கசடு என்று நினைத்தது. செம்புத் தகட்டைத் தொட்டால் கரண்ட் மண்ணுக்குப் போகும். தொட்டியில் தொட்டது எங்கே போகும்? போவதற்கு இடமில்லை. அங்கேயேதான் கிடந்தது.

அந்தக் கையோடுதான் தினமும் காலையில் முதல் ஆளாக மாரிசெல்வியிடம் போனாள். தட்டிக்கொடுத்தாள்.

தொட்டியைப் பேசாமல் எடுத்துவிடலாம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சுகிர்தா மெதுவாகச் சொன்னாள். டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். அதுதான் அவர்கள் செய்த மரியாதை. வேலுத்தாய் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நாலு பேர் பார்க்க வைத்த தொட்டியை நாலு பேர் பார்க்கத்தான் எடுக்க வேண்டும். ஒன்பது ஆட்களையும் வாசலுக்குக் கூப்பிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, தொட்டியைத் தூக்கிக் கழிவறைக் குழியில் கவிழ்த்தாள். புண்ணுக்குப் போன கிருமி இதில் இருந்துதான் போனது, வைத்தவள் நான் என்று சொன்னாள். வார்டில் தொங்கின காலண்டரையும் கழற்றினாள். வீட்டில் தொங்குவதை மட்டும் கழற்றவில்லை. படத்தில் அவள் நன்றாக விழுந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான காரியம். மாரிசெல்வியின் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை.

“செல்வி, ஒங் கையைக் கெடுத்தது என் தொட்டிதான். எங் கைதான்.”

மாரிசெல்வி கூரையைப் பார்த்தபடியே பேசினாள். “பன்னெண்டு கட்டிலுக்கும் கேக்கப் பெருமை அடிச்சீக.”

“அடிச்சேன்.”

“காலண்டர்ல நின்னீக.”

“நின்னேன் புள்ள.”

பணத்தை முனியராஜிடமே கொடுத்துவிடுகிறேன், மதுரைக்கே போங்கள், மேற்கொண்டு ஆகிறதையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் வேலுத்தாய். அவள் ஆயுசில் தலையைக் குனிந்துகொண்டு பேசினது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மாரிசெல்வி தலையைத் திருப்பினாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, குரலில் இல்லை.

“எங் கையிலதான் எண்ணி வைப்பேன்னு சத்தம் போட்டீகள்ல? இப்ப என்ன, நழுவுதீகளா? எங் கையத் திறந்து குடுங்க மதினி. அப்புறம் வைங்க.”

வேலுத்தாய் வெளியே வந்து முகத்தைக் கழுவினாள். பதினைந்தில் நாலு நாள் போய்விட்டது.

அவள் இறங்கினால் எப்படி இறங்குவாள் என்பது அந்த ஆஸ்பத்திரிக்கு அந்தப் பதினொரு நாளில்தான் தெரிந்தது. முதல் வேலையாகக் குழாயை வாசல் பக்கம் கொண்டுவரச் சொல்லி டாக்டரின் அறையில் போய் உட்கார்ந்தாள். ஓடுகிற தண்ணீர் வேண்டும். கிருமி ஓடிப்போக வழி வேண்டும். முழங்கையால் தள்ளித் திறக்கிற குழாய் இரண்டு, சோப்புத் திரவம், துடைத்து எறியக் காகிதம். வாசலில் தொங்கின பொதுத் துண்டை அன்றைக்கே கொளுத்தினாள். கட்டிலுக்குக் கட்டில் கை தேய்க்கிற ஸ்பிரிட் மருந்து பாட்டில். பாட்டில் காலியானால் மேலே ஊற்றி நிரப்பக் கூடாது, புதிதுதான் வைக்க வேண்டும். ஒரு மாப் ஒரு அறையைத் துடைத்தால் வெந்நீரில் அலசி வெயிலில் காய்ந்த பிறகுதான் அடுத்த தடவை. ஈரம் எங்கே கண்டாலும் அவளுக்கு எரிச்சல் வந்தது. குழாயடியில் சொட்டுத் தண்ணீர் நின்றால், ஏலே, இது யாரு வீட்டுக் கண்மாய் என்று கேட்டுக்கொண்டு வருவாள்.

கையைத் தேய்க்க நாற்பது வினாடி வேண்டும் என்றாள் சுகிர்தா. எல்லோரும் ஐந்து வினாடியில் முடித்துக்கொண்டு நாற்பது என்றார்கள். வேலுத்தாய்க்குக் கடிகாரம் பார்க்க நேரம் இல்லை. பட்டாசுச் சரம் பின்னுகிற பெண்கள் ஐந்தைந்தாக வாய்விட்டு எண்ணுவார்கள். எட்டு ஐந்து ஆனால் நாற்பது. உள்ளங்கைக்கு ஒரு ஐந்து, புறங்கைக்கு ஒரு ஐந்து, விரலிடுக்குக்கு, கட்டைவிரலுக்கு, நகக்கண்ணுக்கு என்று பிரித்து, வாசலில் நின்று வாய்விட்டு எண்ண வைத்தாள். எண்ணிக்கை காதில் விழவில்லை என்றால் திருப்பி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டியில் இருந்து கம்பெனி வேனில் பதினொரு பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமையாக வந்தவர் போர்மேன் சோணைமுத்து, ஒரு காலத்தில் வேலுத்தாய்க்கே அதிகாரம் செய்தவர். கையில் காளியம்மன் கோயில் விபூதிப் பொட்டலம். ஊர் வழக்கப்படி எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்து, நெற்றியில் பூசி, கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் பார்க்க வந்ததாகக் கணக்கே கிடையாது. வேலுத்தாய் வாசலை மறித்தாள்.

“ரூமுக்கு எத்தன பேரு அண்ணாச்சி? நாலு பேருன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீகதான. இங்கன ரெண்டு.”

“ஏ, அது வெடிக்கும்த்தா. இது வெடிக்குமா?”

“வெடிக்கும். சத்தம் வராது, அம்புட்டுத்தான்.”

சோணைமுத்து வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எட்டு ஐந்தையும் எண்ணி முடித்து உள்ளே போனார். வேலுத்தாய் விபூதியைப் பூச விடவில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டாள். ஆத்தா தொங்கிக்கொண்டு இருந்தாலும் காப்பாற்றுவாள், அவளுக்குத் தெரியாதா என்றாள்.

டாக்டர் காளிராஜ் ஒரு நாள் போனில் பேசிக்கொண்டே வந்து, போனைப் பையில் போட்டுவிட்டு நேராக மாரிசெல்வியின் கட்டுக்குக் கையை நீட்டினார். வேலுத்தாய் நடுவில் வந்து நின்றாள். போன் பிடித்த கை டாக்டர் என்றாள். சம்பளம் கொடுக்கிற மனிதர். சிவகாசியிலே பெயர் பெற்ற டாக்டர். இரண்டு நொடி அவளை முறைத்தார். மோதிரத்தைக் கழற்றினார். குழாயடிக்குப் போய் வாய்விட்டே எண்ணினார், கொஞ்சம் கோபமாகவே எண்ணினார். அன்றிலிருந்து ஜூனியர் டாக்டர்கள் அவளைக் கண்டாலே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

பதினைந்தில் பத்தாம் நாள் சுகிர்தா மறுபடியும் எல்லா இடத்திலும் குச்சியால் தடவினாள். பன்னிரண்டாம் நாள் தட்டுகளைத் திறந்தார்கள். வேலுத்தாயின் கை சுத்தம். மாப் சுத்தம். ஒரே ஒரு தட்டு மட்டும் பச்சை: வார்டின் மறுகோடியில் இருந்த பழைய கழுவுதொட்டியில் தண்ணீர் இறங்குகிற ஓட்டை. அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் கட்டுப் போடுகிற பஞ்சுப் பெட்டி வைக்கிற மேஜை.

சுகிர்தாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தினமும் பிளீச்சிங் ஊற்றித் தேய்த்த இடம் அது. வேலுத்தாய் அழவில்லை. மருந்து அறையில் தரையில் தூள் கிடந்தால் துடைத்துவிட்டுப் போகிறவள் வேலைக்காரி. எங்கிருந்து சிந்துகிறது என்று குனிந்து பார்க்கிறவள்தான் வேலுத்தாய். குழாயைத் திறந்துவிட்டு, குனிந்து, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் நேராக ஓட்டையில் விழுந்தது. விழுந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடிச் சாரலாகத் தெறித்தது. மேஜையில் ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்தாள். ஐந்து நிமிஷத்தில் காகிதம் முழுக்கப் புள்ளி. ஓட்டைக்குள் இருக்கிற பச்சைக்காரி சாரலில் ஏறிப் பஞ்சுப் பெட்டிக்கு வருகிறாள்!

மத்தியானத்துக்குள் மேஜை அடுத்த அறைக்குப் போனது. சாயங்காலத்துக்குள் பிளம்பர் வந்து அந்தக் கழுவுதொட்டியைப் பிடுங்கிக் குழாயை அடைத்தார். எதற்கு இந்தப் பாடு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதாதா என்று முணுமுணுத்தார். அவரையும் எண்ண வைத்துத்தான் வெளியே அனுப்பினாள். பதின்மூன்றாம் நாள் மறுபடி குச்சி. பதினைந்தாம் நாள் காலையில் சுகிர்தா லேபில் இருந்து ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள்; ஆனால் வாசலுக்கு வரும்போதே தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். ஒரு தட்டிலும் பச்சை இல்லை.

முனியராஜ் மதுரைக்குத் துணிமணியெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டிலடியில் வைக்கப் போனான். அங்கே வைக்காதே, தரை என்றாள் வேலுத்தாய். அவன் சிரித்தான். ஒரு மாசத்தில் அவன் சிரித்தது அதுதான்.

அதற்குள் புண்ணையும் அழுகல் நீக்கிச் சுத்தம் செய்து, அந்தக் கிருமிக்கு எந்த ஊசி கேட்கும் என்று லேபில் பார்த்துப் போட்டு, வினிகர்போலப் புளிக்கிற ஒரு நீர்த்த மருந்தில் துணியை நனைத்துச் சுற்றித் தயாராக்கியிருந்தார்கள். சதை சிவப்பாகத் துளிர்த்திருந்தது. மறுபடியும் தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் வேலுத்தாய் மாரிசெல்வியின் கட்டிலுக்குக் கடைசியாகத்தான் போனாள் என்று நினைக்காதீர்கள், முதலில்தான் போனாள். ஆனால் ஸ்பிரிட் மருந்து தேய்த்துக் கை காய்ந்த பிறகு போனாள், கட்டைத் தொடாமல் வந்தாள். தட்டிக்கொடுக்கக் கை துறுதுறுத்தால் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டைப் பிரிக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் கவனித்தாள். மருந்து வாடை. ரத்த வாடை கொஞ்சம். இனிப்பு வாடை இல்லை. கண்ணைத் திறந்தாள். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லிசாக, இளஞ்சிவப்பாக, சதையோடு சதையாகப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

தோல் பிடித்தால் கை விரிந்துவிடும் என்று நினைத்தது தப்பு. புதுத்தோல் சுருங்கப் பார்க்கும். அதற்கு விடக் கூடாது. மட்டை வைத்துக் கட்டி, தினமும் விரலை ஒவ்வொன்றாக நீட்டிப் பழக்க வேண்டும். மாரிசெல்வி வைத வசவு வார்டில் இருந்து வாசல் கேட் வரைக்கும் கேட்டது. முனியராஜ் லோடு முடித்து வந்து, எட்டு ஐந்தும் எண்ணிக் கை கழுவி, பக்கத்தில் உட்கார்ந்து தானும் கூடவே விரலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பான். புரட்டாசி போயிற்று. தீபாவளிக்கு ஊரெல்லாம் வெடித்தபோது மாரிசெல்விக்கு மூன்று விரல் நீண்டது. சுண்டுவிரல் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கார்த்திகை பிறந்து ஒரு வாரம் கழித்து, பயிற்சி அறையின் மேஜையில் அவள் கையை வைத்தாள். கைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தார்கள். நுழையவில்லை.

மறுநாள் வேலுத்தாய் பாங்கிக்குப் போனாள். ஐந்நூறு ரூபாய் நோட்டாக முப்பத்தாறு. நல்ல நோட்டாகக் கேட்டு, கிழிந்த இரண்டைத் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினாள். வந்தவள் நேராகப் பயிற்சி அறைக்குப் போனாள். முனியராஜ் எழுந்து நின்றான். சுகிர்தா கதவருகில் நின்றாள். மாரிசெல்வி நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது கையை நீட்டினாள்.

“மெதுவா வைங்க மதினி, புதுத்தோலு,” என்றாள்.

வேலுத்தாய் ஒவ்வொரு நோட்டாக எடுத்து, வாய்விட்டு எண்ணி, விரிந்த கையில் வைத்துக்கொண்டே வந்தாள். முப்பதுக்கு மேல் குரல் கொஞ்சம் தடுமாறியது, எண்ணிக்கை தடுமாறவில்லை. முப்பத்து நாலு. முப்பத்தைந்து. கடைசி நோட்டை மற்றவைக்கு மேல் சரியாக வைத்து, முப்பத்தாறு என்றாள்.